இந்த வயதில் ஆட்டோமேட்டிக் காருக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். 1993-ல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதலில் மாருதி 800, இப்போது வேகன் ஆர், எல்லாமே கியர் வண்டிதான். ஒரு வருடமாக இடது முழங்காலில் தேய்மானம். கிளட்ச்சை மிதித்தால் உயிர் போகிறது. மாதம் இரண்டு தடவை கோத்தகிரியில் இருக்கும் அம்மாவைப் பார்க்க மலை ஏறியாக வேண்டும். மகன் ஆட்டோமேட்டிக் வாங்கச் சொல்கிறான். ஆனால் எங்கள் தெருவில் ஒருவர் புது ஆட்டோமேட்டிக் காரை வீட்டு கேட்டிலேயே மோதிவிட்டார். இத்தனை வருடம் பழகிய கால் இனிமேல் மாறுமா? கியர் போடாமல் ஓட்டுவதெல்லாம் ஓட்டுவதாகுமா?
- மேட்டுப்பாளையம் வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

வாங்குங்கள். முழங்கால் வலிக்கிறது என்பது ஒன்றே போதும், வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வலிக்கிற கால் கிளட்ச்சை முழுசாக மிதிக்காது, பாதியிலேயே எடுத்துவிடும். மேட்டில் முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு லாரி என்று நிற்கும்போது அப்படி ஆனால் வண்டி அணைந்து பின்னால் உருளும். இன்றைய நிலையில் உங்களுக்கு அதிக ஆபத்து கியர் வண்டியில்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக்கில் எல்லா வேலையும் வலது காலுக்குத்தான். சர்க்கரை இருந்து வலது பாதம் மரத்துப்போகிறது, பெடல் எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால் இந்த மாற்றம் உங்களைக் காப்பாற்றாது. டாக்டரிடம் இடது முழங்காலோடு வலது பாதத்தையும் காட்டிவிட்டு அப்புறம் ஷோரூமுக்குப் போங்கள்.

இப்போது அந்த கேட் விஷயம். உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். கியர் வண்டியில் பதற்றம் வந்தால் நாம் என்ன செய்வோம்? இரண்டு காலையும் சேர்த்து மிதிப்போம். வலது கால் தப்பிப்போய் ஆக்சிலரேட்டரில் விழுந்தாலும் இடது கால் கிளட்ச்சில் இருப்பதால் என்ஜின் உறுமும், வண்டி பாயாது. இத்தனை வருடமாகக் கிளட்ச் நம்மை அப்படி எத்தனை தடவை காப்பாற்றியிருக்கும் என்று நமக்கே தெரியாது. ஆட்டோமேட்டிக்கில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி நிற்காமல் பாய்கிறது, பாய்கிறதே என்று பயந்து அதையே இன்னும் அழுத்தி மிதிக்கிறோம். 1980-களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தானாகவே பாய்கின்றன என்று பெரிய புகார் எழுந்தது. அந்நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து 1989-ல் சொன்ன முடிவு, பெரும்பாலும் ஓட்டுநர்கள் பெடலை மாற்றி மிதித்திருக்கிறார்கள் என்பதுதான். பிரேக்கை மிதித்தால்தான் பி-யிலிருந்து (வண்டியை நிறுத்தி வைக்கும் பார்க் நிலை) லீவரை எடுக்க முடியும் என்ற பூட்டு அந்த விவகாரத்துக்குப் பிறகுதான் பரவலாக வந்தது. 2019-ல் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயதுக்காரர் ஒருவர் இதே தவறைச் செய்து ஒரு தாயும் மூன்று வயதுக் குழந்தையும் இறந்துபோனார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கியர்பாக்ஸைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிற நாம் காலைப் பற்றி ஒரு நாள்கூட யோசிப்பதில்லை, அந்த ஆதங்கத்தில் சொல்கிறேன்.

நான் 57 வயதில் மாறினேன். மூன்றாவது நாள், வீட்டுக்குப் பக்கத்து வேகத்தடையில் வண்டியை மெதுவாக்கும்போது என் இடது கால் என்னைக் கேட்காமலே கிளட்ச்சைத் தேடிப் போய் முழு பலத்தோடு மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். இந்த வண்டிகளில் பிரேக் பெடல் கொஞ்சம் அகலமாக, இடதுபக்கம் நீண்டிருக்கும், அதனால் இடது காலுக்கு அது சுலபமாகச் சிக்கும். வண்டி குத்தி நின்றது, பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு டேஷ்போர்டில் கை மோதி வீங்கிவிட்டது. பின்னால் பைக் எதுவும் வராதது எங்கள் நல்ல நேரம். அன்றிலிருந்து ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக இடது காலை சீட்டுக்கு அடியில் நன்றாகப் பின்னால் இழுத்து வைத்துவிடுவேன். முழங்கால் மடக்கினால் வலிக்கும் என்பதால் உங்களுக்கு அது சரிவராது. நீங்கள் இடது ஓரத்தில் இருக்கும் கால்மேடையில் பாதத்தை முழுசாக ஊன்றி வையுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் அந்தக் கால் அங்கேயே இருக்கிறதா என்று ஒவ்வொரு சிக்னலிலும் மனசுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலைப் பிரேக்குக்கும் இன்னொன்றை ஆக்சிலரேட்டருக்கும் வைத்து ஓட்டலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

வலது காலுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். குதிகாலை பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றி, அங்கிருந்து முன்பாதத்தை மட்டும் வலதுபுறம் திருப்பி ஆக்சிலரேட்டரைத் தொடுங்கள். காலை மொத்தமாகத் தூக்கித் தூக்கி வைத்தால் பெடல் மாறிப்போகும். வாரில்லாத செருப்பு வேண்டாம், பின்பக்கம் வார் வைத்தது போட்டுக்கொள்ளுங்கள்.

ரிவர்ஸில் இன்னும் கவனம். உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்போது இடுப்போடு சேர்ந்து காலும் நமக்குத் தெரியாமலே நகர்ந்துவிடும். கேட்டிலும் போர்ட்டிகோ தூணிலும் மோதுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சமதளத்தில் ரிவர்ஸ் எடுக்க ஆக்சிலரேட்டரே தேவையில்லை. பிரேக்கை லேசாகத் தளர்த்தினால் பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகள் தானாக ஊர்ந்து போகும், உங்கள் கால் பிரேக்கை விட்டு எங்கும் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானம் ஒன்றில் அரை மணி நேரம் இதை மட்டும் செய்து பாருங்கள். பத்து அடி ஊர்வது, நிறுத்துவது, மறுபடி ஊர்வது. அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

எந்த வண்டி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மலை இருப்பதால் சொல்லியாக வேண்டும். ஏஎம்டி என்பது உங்கள் வேகன் ஆரில் இருக்கிற மாதிரி அதே கியர்பாக்ஸ், அதே கிளட்ச்தான். மிதிக்கிற வேலையையும் கியர் மாற்றுகிற வேலையையும் மட்டும் ஒரு கருவி செய்துவிடும். 2014-ல் செலேரியோவில் வந்து பரவியது, மாருதியில் ஏஜிஎஸ் என்பார்கள். கியர் வண்டியைவிட ஏறக்குறைய 50,000 ரூபாய் கூடுதல், மைலேஜும் குறையாது. ஆனால் கியர் மாறும்போது ஒரு நொடி இழுவை விட்டுப்போகும், கொண்டை ஊசி வளைவில் அது எரிச்சலாக இருக்கும். அதனால் மலையில் லீவரை எம்-முக்கு (நாமே கியர் மாற்றும் நிலை) தள்ளி முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். பல ஏஎம்டி வண்டிகளில் பி கிடையாது, ஹேண்ட்பிரேக்தான் எல்லாம். மாதம் இரண்டு தடவை கோத்தகிரி ஏறுகிறவருக்கு என் முதல் தேர்வு டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்துகிற வகை, பிரெஸ்ஸாவில் இருக்கிற மாதிரி. மேட்டில் நின்று கிளம்பும்போது அதைப்போல நிதானமானது இல்லை. அடுத்தது சிவிடி, தனித்தனிக் கியர்கள் இல்லாமல் பெல்ட்டில் ஓடுகிற வகை, ஹோண்டா அமேஸில் இருப்பது. ஏற்றத்தில் என்ஜின் சத்தம் கூடும், வண்டி மெதுவாகப் பிடிக்கும், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டுமே ஏஎம்டியைவிட விலை கூடும். மகன் டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் வண்டி என்று ஆசைகாட்டினால் அவரையே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஓட்ட நன்றாக இருக்கும், ஆனால் சீசன் நெரிசலில் மணிக்கணக்கில் ஊர்ந்து ஏறினால் உள்ளே இருக்கும் கிளட்ச்சுகள் சூடாகிற வகை அது.

டெஸ்ட் டிரைவுக்கு சமதள ரோட்டில் ஒரு சுற்று காட்டிவிட்டு அனுப்பப் பார்ப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கோத்தகிரி ரோட்டில் முதல் சில வளைவுகள் வரையாவது ஏற வேண்டும் என்று கேளுங்கள். ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டு, வண்டி எத்தனை நொடி பிடித்து நிற்கிறது, எப்போது உருள ஆரம்பிக்கிறது என்று நீங்களே பாருங்கள். ஹில் ஹோல்ட் (மேட்டில் உருளாமல் பிடித்து நிறுத்தும் வசதி) இருந்தாலும் அது ஓரிரு நொடிதான். நின்று கிளம்ப வேண்டிய இடத்தில் ஹேண்ட்பிரேக் போடுகிற உங்கள் பழைய பழக்கத்தை விடாதீர்கள். ஏஎம்டியில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே மேட்டில் நிறுத்தி வைத்தால் கிளட்ச் கருகும், அதை மட்டும் செய்யவே கூடாது.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் புதிதாக மாறியவர்கள் தப்பு செய்கிறார்கள். டி-யில் (சாதாரணமாக ஓட்டும் நிலை) போட்டுவிட்டு மேட்டுப்பாளையம் வரை 33 கி.மீ. முழுக்கப் பிரேக்கிலேயே இறங்கினால் குன்னூர் ரோட்டில் பர்லியார் பக்கம் ஆனாலும் கோத்தகிரி பக்கம் ஆனாலும் பிரேக் கருகிய வாடை வரும், கொஞ்ச நேரத்தில் பிரேக் பிடிக்காமலே போகலாம். கியர் வண்டியில் இரண்டாம் கியரில் இறங்குவீர்கள் அல்லவா, இதிலும் அதேதான். எம் என்றோ எல் என்றோ எஸ் என்றோ லீவரில் இருக்கும், சிலவற்றில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விசை இருக்கும், வாங்குகிற அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது எந்த வண்டியிலும் கூடாது.

மற்றவை சின்ன விஷயங்கள். சரிவில் பார்க் செய்யும்போது பிரேக்கை மிதித்தபடி முதலில் ஹேண்ட்பிரேக், அப்புறம் பி. பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, அதனால் ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும். லைசென்ஸ் மாற்ற வேண்டாம், கையில் இருப்பதே போதும். ஆனால் 60 தாண்டிவிட்டீர்கள், அதன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேகன் ஆரை ஆசைக்கு வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுங்கள். இன்று அது, நாளை இது என்று மாற்றி மாற்றி ஓட்டினால் கால் குழம்பிக்கொண்டே இருக்கும்.

கியர் போடாமல் ஓட்டுவது ஓட்டுவதாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பெண் ஸ்டியரிங் பிடித்தால் பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டவர் நீங்கள், அந்தக் கேள்வியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வருகிறது என்று ஹாரன் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, எந்த இடத்தில் ஒதுங்கினால் அது சுலபமாகத் திரும்பும் என்று பார்த்து ஒதுங்குகிறீர்களே, அதை எந்த கியர்பாக்ஸும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

மூன்று வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழகுங்கள். மலைக்கு முதல் பயணம் ஒரு வாரநாளில், மூடுபனி விலகிய பிறகு, மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போய் வாருங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.