பெட்டி இடம் மாறியது, தேனீக்கள் மாறவில்லை

கேள்வி: தென்னந்தோப்பில் வேலி ஓரமாக இரண்டு பெட்டிகளில் இந்தியத் தேனீ வளர்க்கிறேன். நடைபாதையில் போகிறவர்களைக் கொட்டுவதால், ஒரு பெட்டியை மட்டும் நேற்று இரவு 40 அடி தள்ளி மாமரத்தடியில் வைத்தேன். இன்று காலை பார்த்தால், வேலி ஓரத்தில் பெட்டி இருந்த வெற்றிடத்தை நூற்றுக்கணக்கான தேனீக்கள் சுற்றுகின்றன. சில பக்கத்துப் பெட்டிக்குள்ளும் நுழைகின்றன. ராணியும் அடைகளும் மாமரத்தடியில்தான் இருக்கின்றன. எறும்பு வாசனை பிடித்துப் போவதுபோல் தேனீயும் தன் பெட்டியைத் தேடி வந்துவிடாதா? இப்போது என்ன செய்யலாம்?

பதில்: காரணத்தைப் பிறகு பார்ப்போம். இன்று இருட்டியதும் அந்தப் பெட்டியைப் பழைய இடத்திலேயே, வாயில் பழைய திசையைப் பார்க்கும்படி வைத்துவிடுங்கள். இரை தேடும் தேனீக்களை இழந்த கூட்டில் புழுக்களுக்கு ஊட்ட ஆளிருக்கும், மகரந்தம் இருக்காது. இந்தியத் தேனீக்குப் பொறுமை குறைவு. வசதி கெட்டால் கூட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடும்.

இனி வாசனைக்கு வருவோம். பெட்டி வாயிலில் சில தேனீக்கள் பின்பகுதியைத் தூக்கிக்கொண்டு இறக்கையை விசிறுவதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்று நுனிச் சுரப்பியின் மணத்தை அவை காற்றில் பரப்புகின்றன. ஆனால் அது வாசற்படிக்கு வந்துவிட்டவர்களைக் கூப்பிடும் குரல் மாதிரி. கடைசிச் சில அடிகளுக்குத்தான் உதவும். மற்ற தொலைவை எல்லாம் தேனீ கண்ணால்தான் கடக்கிறது.

ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் பூத்த மரத்திலிருந்து திரும்பும் தேனீக்குத் திசை காட்டுவது சூரியன். சூரியன் மணிக்குச் சுமார் 15 டிகிரி நகர்கிறதே என்றால், அதைக் கழித்துக்கொள்ள உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. மேகம் மூடினாலும் எங்காவது ஒரு துண்டு நீல வானம் தெரிந்தால் போதும். அங்கிருந்து வரும் ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை அதன் கண் உணரும், நம் கண் உணராது. இவற்றைக் கண்டு சொன்னவர் ஆஸ்திரியாவில் பிறந்த கார்ல் ஃபான் ஃப்ரிஷ். தூரத்தை அளக்கும் விதம் இன்னும் வேடிக்கையானது. பஸ் ஜன்னலில் மரங்கள் பின்னால் ஓடுவதுபோல், தரையும் செடிகளும் கண்ணைக் கடந்து ஓடுவதைத் தேனீ கணக்கு வைக்கிறது. இந்தியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த மாண்டயம் ஸ்ரீனிவாசனின் குழுவினர், சுவரெல்லாம் கோலமிட்ட குறுகலான 6 மீட்டர் குழாய்க்குள் தேனீக்களைப் பறக்கவிட்டார்கள். இரை இருக்கும் தூரத்தைத் தேனீ கூட்டில் மற்றவற்றுக்கு நடனமாடித்தான் சொல்லும். சுவர் கண்ணருகே வேகமாக ஓடியதால், கூடு திரும்பிய தேனீக்கள், பல மடங்கு தொலைவு போய்வந்ததாக நடனமாடிக் காட்டின.

இந்தக் கணக்கெல்லாம் தேனீயை உங்கள் தோப்பு வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும். அதன்பிறகு வேலிக்கல், தென்னையின் அடிமரம், பக்கத்துப் பெட்டி என்று அக்கம்பக்கத்து அடையாளங்கள்தான். டச்சு ஆய்வாளர் நிகோ டின்பெர்கன் 1932இல் வெளியிட்ட சோதனை, நீங்கள் நேற்று இரவு செய்த அதே காரியம்தான். மண்ணில் வளை தோண்டி வாழும் ஒரு குளவியின் வாசலைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக வைத்தார். குளவி வெளியே போனதும் வட்டத்தை மட்டும் சற்றுத் தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி, பக்கத்திலேயே இருந்த தன் வளையை விட்டுவிட்டு, காய் வட்டத்தின் நடுவில் இறங்கித் தேடியது. அவர் அடையாளத்தை நகர்த்தினார், நீங்கள் வீட்டை நகர்த்தினீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த அடையாளப் பாடத்தைத் தேனீ படிக்கும் நேரத்தை நீங்களே பார்க்கலாம். வெயிலடிக்கும் ஒரு பிற்பகலில் பெட்டிக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். முதன்முறை வெளியே வரும் இளம் தேனீ நேராகப் பறந்து போகாது. சட்டென்று திரும்பி, வாயிலைப் பார்த்தபடியே காற்றில் நின்று, இடமும் வலமுமாக அரைவட்டம் போட்டுக்கொண்டு பின்னோக்கி விலகும். பல தேனீக்கள் ஒரே நேரத்தில் இப்படிச் செய்யும்போது கூட்டம் பிரிந்து போகிறது என்று பதறுகிறவர்கள் உண்டு. ஆனால் பழகிய தேனீ காலையில் அம்புபோல் கிளம்பிவிடும், திரும்பிப் பார்க்காது. பெட்டி 40 அடி நகர்ந்த சேதி அதற்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

ஆகவே நகர்த்துவதற்கு என் முதல் யோசனை, நாளுக்கு ஓரடி அல்லது இரண்டடி. மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். இருட்டிய பிறகு நகர்த்துங்கள். வாயிலின் திசையும் தாங்கியின் உயரமும் மாறக் கூடாது. மழையில் தேனீ வெளியே போகாத நாள் கணக்கில் சேராது, அன்று நகர்த்தாதீர்கள். தாங்கியின் கால்களில் எறும்புக்காக வைத்த தண்ணீர்க் கிண்ணங்களையும் ஒவ்வொரு முறையும் கூடவே எடுத்துவைக்க வேண்டும். இதுதான் சலிப்பான வேலை, ஆனால் விட்டுவிட்டால் எறும்பு ஏறிவிடும்.

அவசரமென்றால், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உறவினர் தோட்டம் ஏதாவது இருந்தால் மூன்று வாரம் அங்கே வைத்துவிட்டு, நேராக மாமரத்தடிக்குக் கொண்டுவரலாம். புது நிலம் என்று கண்டதும் தேனீக்கள் அடையாளப் பாடத்தை மறுபடி படிக்கும். பழைய இடத்தை அறிந்தவற்றில் பெரும்பாலானவை அதற்குள் ஆயுள் முடிந்து போயிருக்கும். ரப்பர் துளிர்க்கும் பருவத்தில் குமரி மாவட்டத்துத் தேனீ வளர்ப்பவர்கள் இரவோடிரவாகப் பெட்டிகளை வண்டியேற்றிப் போவதும் இதை நம்பித்தான்.

வாயிலை இரண்டு மூன்று நாள் அடைத்துவைத்து, திறக்கும்போது முன்னால் இலைக்கொத்தைச் சாய்த்துவைக்கும் முறையும் உண்டு. தடுமாறி வெளிவரும் தேனீ நின்று திரும்பிப் பார்க்கும். நம் ஊர் வெயிலில் அடைத்த பெட்டி வெந்துவிடும் என்பதால் உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

இன்னொன்று: இரண்டு பெட்டிகளையும் சேர்த்தே நகர்த்துங்கள். ஒன்றை விட்டுவிட்டால் வழி தவறியவை இன்றுபோல் அதில்தான் நுழையும். பூந்தேனோ மகரந்தமோ சுமந்து வருவதைக் காவல் தேனீக்கள் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும், வெறுங்கையோடு வருவதைக் கடித்துத் துரத்தும். நகர்த்தத் தொடங்குமுன் ஒரு பெட்டியின் முகப்புக்கு நீலமும் மற்றதற்கு மஞ்சளும் பூசுங்கள். சிவப்பு வேண்டாம், தேனீயின் கண்ணுக்கு அது ஏறக்குறையக் கறுப்புதான்.