கந்தளாய்க்கு நீர் வந்த வழியே ஒரு பயணம்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதிய வாசகி ஒருவர், ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளுக்கு இரண்டு நாள்களில் பண்டைய கால்வாய்களைக் காட்ட விரும்புவதாகவும், பலரும் சொல்வதுபோல் கலாவெவக் குளத்து நீரை அநுராதபுரத்துக்குக் கொண்டுசெல்லும் ஜய கங்கைக் கால்வாயிலிருந்து தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

ஜய கங்கையை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொண்டு, இம்முறை கந்தளாயிலிருந்து நீரின் எதிர்த்திசையில் செல்லுங்கள் என்பதே என் ஆலோசனை. குளக்கோட்டன் கோணேசர் கோயிலுக்காகக் கட்டுவித்தது கந்தளாய்க் குளம் என்ற மரபைக் கேட்டே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆனால் அந்தக் குளத்து நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலும் மழையைத்தான் காட்டுவார்கள். தெற்கே வெகுதொலைவில், எலஹெரவில் அம்பன் கங்கையை மறித்துத் திருப்பிய நீரும் மின்னேரியா வழியாக இங்கே வந்து சேர்கிறது என்பதை அவர்கள் தாமே பின்தொடர்ந்து கண்டறிவது, எந்தப் பாடத்தையும்விட ஆழமாகப் பதியும்.

முதல் நாள் காலையில் திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய்க் குளக்கட்டில் நின்று, கீழே விரியும் வயல்களைப் பாருங்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததையும் அங்கே சொல்லுங்கள். குளத்தைப் பராமரிப்பது எத்தகைய பொறுப்பு என்பது அப்போதுதான் விளங்கும். பின்னர் ஹபரணை வழியாக மின்னேரியா செல்லுங்கள். அக்குளத்தைக் கட்டிய மகாசேன மன்னனை அவ்வூர் மக்கள் இன்றும் காவல் தெய்வமாக வழிபடுகிறார்கள்.

இரண்டாம் நாளை முழுவதும் கால்வாய்க்கே ஒதுக்குங்கள். கிரித்தலையிலிருந்து பக்கமூனை வழியாக எலஹெரவுக்குச் செல்லும்போது, கால்வாய் தென்படும் இடங்களில் வண்டியை நிறுத்துங்கள். பழைய பெருங்கால்வாய்களுக்குப் பள்ளப் பக்கத்தில் மட்டுமே கரை எழுப்பினார்கள். மேட்டுப் பக்கத்தைத் திறந்தே விட்டதால், அங்கே பெய்யும் மழையும் ஓடிவந்து கால்வாயில் சேர்ந்தது. இவ்வகைக் கால்வாய்களின் சரிவு கண்ணுக்குத் தெரியாது. 87 கிலோமீற்றர் நீளமான ஜய கங்கையின் தொடக்கப் பகுதியில், கிலோமீற்றருக்குச் சுமார் 10 சென்ரிமீற்றர்தான் சரிவு. ஒரு காய்ந்த இலையை நீரிலிட்டு, அதன் வேகத்துக்குப் பிள்ளைகளைக் கரையோரம் நடக்கவிடுங்கள். மட்டம் பார்த்த அந்தக் கைகளின் திறமை மெல்லப் புரியும்.

ஓகஸ்ட் நல்ல காலமே. சிறுபோகத்துக்கு நீர் திறந்துவிட்டிருந்தால் கால்வாய் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைகள் சேறாகிவிடும். இருப்பினும் துருசுக்கு (நீர் திறந்துவிடும் மதகுக்கு) அருகே இழுவை மிகுந்திருக்கும் என்பதால் அங்கே எவரையும் குளிக்க விடாதீர்கள். அணைக்கட்டு வளாகங்களுக்குள் செல்லுமுன் கடமையிலுள்ள நீர்ப்பாசனத் திணைக்கள ஊழியரிடம் அனுமதி கேளுங்கள். மின்னேரியாக் குளத்தில் நீர் வற்றும் அந்த மாதங்களில் யானைகள் கூட்டமாக வருவதால், இரு நாள்களிலும் பொழுது சாய்வதற்கு முன்பே ஹபரணைக் காட்டுப் பாதையைக் கடந்துவிடுங்கள்.