‘கொடு’ என்றால் ‘கோடு’ என்கிறான்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் இங்கிலீஷ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். க, கா, கி, கீ வரிசையெல்லாம் கடகடவென்று சொல்கிறான். ஆனால் வாசிக்கச் சொன்னால் ‘படம்’ என்பதைப் ‘பாடம்’ என்கிறான், ‘கொடு’ என்பதைக் ‘கோடு’ என்கிறான். மிஸ் இம்போசிஷன் கொடுத்து அனுப்புகிறார். வேறு வழி இருக்கிறதா?
- ஒரு அம்மா, கொளத்தூர்

பதில்: இருக்கிறது. முதலில் அந்த இம்போசிஷனை நிறுத்தச் சொல்லி மிஸ்ஸிடம் பேசுங்கள், ஏனென்றால் ‘கொடு’ என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் கை வலிக்குமே தவிர காது பழகாது. வரிசையாக ஒப்பிக்கும்போது நம் பிள்ளைகள் ராகம் போட்டு ‘க’வையும் ‘கா’ அளவுக்கு இழுத்துவிடுகிறார்கள், அந்த இழுவை அப்படியே வாசிப்பிலும் வந்துவிடுகிறது.

அதனால் புத்தகத்தை மூடிவிட்டு ஆரம்பியுங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம்தான் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது, அதையே விளையாட்டாக்கிவிடலாம். நீங்கள் பல், பால், முடி, மூடி, விடு, வீடு, தொடு, தோடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அவன் முதல் எழுத்துக்கு மட்டும் ஒரு சொடக்கோ இரண்டு சொடக்கோ போடட்டும். சொடக்கு வராவிட்டால் கை தட்டினாலும் சரி.

காது தேறிய பிறகு எழுத்துக்கு வாருங்கள். ‘ப’, ‘பா’ சீக்கிரம் வந்துவிடும், கால் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். படுத்துவது எ, ஒ இரண்டும்தான். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் மேலே ஒரு சின்னச் சுழிதான் வித்தியாசம். இதில் பெரியவர்களே திண்டாடியிருக்கிறார்கள்: பழைய சுவடிகளில் குறில் எ, ஒ-வுக்குப் புள்ளி வைக்க வேண்டும், அதை விட்டுவிட்டால் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே தெரியும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தால்தான் இந்தக் குழப்பம் தீர்ந்தது. ஆகவே பையனைத் திட்டாதீர்கள், அந்தச் சுழியை மட்டும் கலர் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள்.

வெளியே போகும்போது பஸ் போர்டுகளை விடாதீர்கள். கொளத்தூர், கோயம்பேடு. பெரம்பூர், பேசின் பிரிட்ஜ். கிண்டி, கீழ்ப்பாக்கம். புரசைவாக்கம், பூந்தமல்லி. ஒன்றா, இரண்டா என்று முதல் எழுத்தை மட்டும் கேளுங்கள், முழுப் பெயரையும் வாசிக்கச் சொல்லி பஸ்ஸைத் தவறவிட வேண்டாம்.

கேள்வி: என் பேத்தி ‘இலை’யை ‘எலை’ என்றும், ‘குடை’யைக் ‘கொடை’ என்றும் வாசிக்கிறாள். எழுத்து தெரியவில்லையா?
- ஒரு தாத்தா, தாம்பரம்

பதில்: நன்றாகவே தெரிகிறது, ஐயா. நாம் வீட்டில் எலை, எடம், ஒடம்பு, கொடை என்றுதானே பேசுகிறோம்! அடுத்த எழுத்தில் அ அல்லது ஐ வந்தால் பேச்சில் இ, எ ஆகிவிடும், உ, ஒ ஆகிவிடும். அவள் எழுத்தைப் பார்த்து, பொருளைப் புரிந்துகொண்டு, தனக்குத் தெரிந்த சொல்லைச் சொல்கிறாள், அது நல்ல அறிகுறி. ‘பேசும்போது எலை, படிக்கும்போது இலை’ என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். இப்போதைக்குக் கிளி, இடி, புளி, துணி மாதிரி, பேச்சிலும் எழுத்திலும் ஒரே மாதிரி வரும் சொற்களை நிறையக் கொடுங்கள், குடையும் இலையும் ஒரு மாதம் கழித்து வரட்டும்.