டிரம்மில் வேகம் 120-ஐத் தாண்டினால் இடக்கை பின்தங்குகிறதா? இப்படிப்பட்ட வீடியோவைப் பாருங்கள்

கிறிஸ்துமஸ் ஆராதனையில் டிரம் வாசிக்கப் பழகுகிறேன், எந்த வீடியோ பாடத்தைப் பார்க்கலாம் என்று பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மணிக்கட்டும் விரல்களும் பக்கவாட்டில், நெருக்கத்தில் தெரிகிற, மெட்ரோனோம் (தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்குகிற பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். முழு டிரம் செட்டையும் மேலிருந்து காட்டும் வேகப் பாடங்கள் இப்போது வேண்டவே வேண்டாம்.

120-ஐத் தாண்டியதும் இடக்கை பின்தங்குகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் பிடி இறுகுவதுதான் காரணம். ஸ்நேரில் (வாசிப்பவருக்கு நேர் முன்னால் இருக்கும் டிரம்மில்) பட்ட குச்சி தானாகத் துள்ளி எழ வேண்டும். மோதிர விரலும் சுண்டுவிரலும் அமுக்கினால் எப்படி எழும்?

இடக்கையால் ஒரே அடி அடித்துப் பாருங்கள். குச்சி கிளம்பிய உயரத்துக்கே திரும்பினால் பிடி சரி. பாதியில் நின்றால் தளர்த்துங்கள். அதைப் போனில் பதிவுசெய்து பாடத்தோடு ஒப்பிடுங்கள்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குள் தேற வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பாளையங்கோட்டையில் பல ஆலயங்களில் பாடகர் குழு உண்டு. அங்கே டிரம் வாசிக்கும் மூத்தவர் ஒருவரிடம் உங்கள் பிடியை நேரில் காட்டுங்கள்.