ஸ்நோ உருக்கும் வாசல்: கேட்டவர்களுக்குப் பதில்

ரொறன்ரோ பக்கம் வீட்டு வாசல்களுக்கு அடியில் சூடு பைப் பதிக்கிற வேலை பார்த்துவிட்டு இப்போது நானுஓயாவில் இருக்கிறேன். பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பியவர்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்பதால், வந்த கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில்.

தலவாக்கலை: அண்ணே, தங்கச்சி ரொறன்ரோவில் இருக்கிறாள். பக்கத்து வீட்டு வாசலில் ஸ்நோ தானாகக் கரைகிறது என்கிறாள். உண்மையா?

உண்மைதான் தம்பி. இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, கொங்கிரீட்டுக்குள் ஹீட்டர் வயர் பதிப்பது, கரண்ட் கொடுத்தால் சுடும், அவ்வளவுதான். மற்றது, பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் பைப்பை வளைத்து வளைத்துப் பதித்து, பொயிலரில் சூடாக்கிய தண்ணீரை பம்ப் வைத்துச் சுற்ற விடுவது. வெறும் தண்ணீர் என்றால் பொயிலர் நின்ற அன்றைக்கே உறைந்து பைப் வெடிக்கும், அதனால் 30 முதல் 50 வீதம் வரை கிளைக்கோல் என்கிற உறையவிடாத திரவம் கலப்பார்கள். புரொப்பிலீன் கிளைக்கோல்தான் நல்லது. எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு, கசிந்ததை நாய் நக்கினால் செத்துப்போகும். வெளியே ஒரு சென்சர் இருக்கும், ஈரமும் குளிரும் சேர்ந்து வந்தால்தான் ஓன் ஆகும், வெறும் குளிருக்கு ஓடாது.

இராகலை: கரண்ட் பில் எவ்வளவு வரும்? நான் எலெக்ட்ரிசியன், கணக்காகவே சொல்லுங்கள்.

சரி, கணக்கு. 20 அடிக்கு 25 அடி வாசல், 500 சதுர அடி. வயர் வகைக்குச் சதுர அடிக்கு 40 வாட் என்று வைத்தால் 20 கிலோவாட். வீட்டில் இருக்கிற 2 கிலோவாட் கேத்தல் பத்தை ஒன்றாகப் போட்டு இரவு முழுக்க விட்ட மாதிரி. எட்டு மணித்தியாலம் ஓடினால் 160 யூனிட். நம் பக்கத்துச் சின்ன வீடுகள் பலவற்றின் ஒரு மாத யூனிட்டை ஒரே இரவில் தின்றுவிடும்.

ஏன் இவ்வளவு என்றால், ஐஸ் உருகுவதற்கே பெரிய சூடு வேண்டும். ஒரு கிலோ ஐஸைப் பூச்சியம் பாகையில் வெறும் தண்ணீராக்க 334 கிலோஜூல், அதே சூட்டில் அந்தத் தண்ணீரை 80 பாகை வரை கொண்டுபோகலாம். புதிதாக விழுந்த ஸ்நோ 10 சென்டிமீட்டர் அந்த வாசலில் கிடந்தால் ஏறக்குறைய 460 கிலோ, அதை உருக்க மட்டும் 43 யூனிட் போதும். மிச்சம் எல்லாம் கொங்கிரீட்டைச் சூடாக்கவும், காற்றுக்கும் கீழே மண்ணுக்கும்தான் போகிறது. காற்றை ஒன்றும் செய்ய முடியாது, மண்ணைத் தடுக்கலாம். அதனால் கொங்கிரீட்டுக்கு அடியில் இரண்டு அங்குல கெட்டி ஸ்டைரோஃபோம் போடாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது என்பேன்.

காசு குறைய வேண்டுமா, டயர் ஓடுகிற இரண்டு கோட்டுக்கு மட்டும் வயர் போடுங்கள். இரண்டடி அகலத்தில் இரண்டு கோடு என்றால் 100 சதுர அடி, 4 கிலோவாட்டில் முடிந்தது. முழு வாசலையும் சூடாக்குவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டத்தான்.

நுவரெலியா: கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிறேன் ஐயா, வாசல் நல்ல ஏற்றம். ஜனவரியில் உறைபனி விழுகிறது, டூரிஸ்ட் வழுக்கி விழுகிறார்கள். இங்கே போடலாமா?

போடலாம் ஐயா, ஆனால் எதை உருக்கப் போகிறீர்கள்? இங்கே ஸ்நோ இல்லை. ஜனவரி, பெப்ரவரியில் மேகமில்லாத இரவுகளில் பள்ளமான புல்வெளியிலும் தேயிலை மேலும் உறைபனி படிகிறது, தளிரைக் கருக்குகிறது, வெயில் ஏறினால் போய்விடுகிறது. கொங்கிரீட் பகல் சூட்டை வைத்திருப்பதால் அதன் மேல் படிவது குறைவு. காலையில் போய்ப் பாருங்கள், புல் வெள்ளையாக இருக்கும், பக்கத்திலேயே உங்கள் வாசல் கறுப்பாக ஈரமாக இருக்கும். அந்தக் கறுப்பு பாசி. உங்கள் ஆட்கள் விழுவது அதில்தான்.

பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, குளோரின் போட்டுக் கழுவுங்கள். மேலே சாய்ந்திருக்கிற சைப்பிரஸ் கிளையை வெட்டி வெயில் விழ விடுங்கள். முக்கியமாக, மேட்டுப் பக்கம் ஒரு கான் வெட்டுங்கள், மலையிலிருந்து ஊறுகிற தண்ணீர் வாசலைக் குறுக்கே கடக்காமல் இருக்க. அடுத்த முறை கொங்கிரீட் போடும்போது ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்துவிடுங்கள். பொயிலர் விலையோடு பார்த்தால் இது சின்னச் செலவுதான்.

ஸ்காபரோ (ஊர் ஹட்டன்): அண்ணா, வாற கோடையில் டிரைவ்வே புதிதாகப் போடுகிறோம். கொன்ட்ராக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி, உருகின தண்ணீர் எங்கே போகும்? ஆட்கள் சூட்டைப் பற்றியே பேசுவார்கள், தண்ணீரை மறந்துவிடுவார்கள். சூடு முடிகிற விளிம்பில் அந்தத் தண்ணீர் திரும்ப உறைந்து கண்ணாடி மாதிரிக் கிடக்கும், ஸ்நோவை விட அதுதான் ஆபத்து. சாய்வு வைத்து, கீழ் விளிம்பில் மூடி போட்ட வடிகால் வைத்து, அந்த வடிகாலுக்குள்ளும் ஒரு சூடு லைன் போகவேண்டும். இதைக் கேட்டதும் முழிக்கிற கொன்ட்ராக்டரை அனுப்பிவிடுங்கள்.

பைப் வகை என்றால் ஒரு பைப்புக்கும் அடுத்ததுக்கும் 6 முதல் 12 அங்குலம், ஒக்சிஜன் புகாத பெக்ஸ், ஒரு சுற்று 300 அடியைத் தாண்டாமல். கம்பி வலையில் பைப்பைக் கட்டி, மேலே இரண்டு மூன்று அங்குலம் கொங்கிரீட். ஊற்றுகிற அன்று பைப்புக்குள் காற்றை அழுத்தி கேஜ் மாட்டியிருக்க வேண்டும், ஒரு ஆள் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். யாராவது மண்வெட்டியால் கொத்திவிட்டால் முள் விழும், அப்போதே ஊற்றுவதை நிறுத்தி இணைத்துவிடலாம். காய்ந்த பிறகு தெரிந்தால் உடைக்கத்தான் வேண்டும். வயர் என்றாலும் இதே கதை, ஊற்றுமுன், ஊற்றும்போது, ஊற்றினபின் மூன்று தடவை மீட்டர் வைத்து வயரின் தடையை (ஓம்) பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இன்டர்லொக் கல்லுக்கு அடியிலும் போடலாம். தார் என்றால் கவனம், 150 பாகை அளவில் கொட்டுவார்கள், அந்தச் சூட்டைத் தாங்கும் என்று எழுதியிருக்கிற வயர்தான் வாங்க வேண்டும்.

மஸ்கெலியா: உப்பைத் தூவினால் முடியாதா?

முடியும், மலிவும் கூட. ஆனால் சாதாரண உப்பு மைனஸ் 9 பாகை தாண்டினால் மந்தமாகிவிடும், கல்சியம் குளோரைட் இன்னும் கீழே வரை வேலை செய்யும். இரண்டும் கொங்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பியைத் துரு ஏற்றும், வாகனத்தையும் தின்னும்.

ஹப்புத்தளை: கொதி தண்ணீர் ஊற்றினால்?

வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அதுவே ஐஸ்.

பண்டாரவளை (ஏ.எல். மாணவி): ஒரு நகரம் முழுக்க இப்படிச் செய்திருக்கிறார்களா?

முழுக்க இல்லை தங்கச்சி, நகரத்து நடுப்பகுதிக்குச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஹொலண்ட் என்ற ஊரில் 1988இலிருந்து, மின் நிலையத்தில் வீணாகப் போகிற சூட்டு நீரை வீதிக்கும் நடைபாதைக்கும் அடியில் ஓட விடுகிறார்கள். ஐஸ்லாந்தின் ரேக்யவிக்கில் பூமிக்கடியிலிருந்து வருகிற சுடுதண்ணீர் வீடுகளைச் சூடாக்கிவிட்டு 35 பாகை அளவில் திரும்புகிறது, அதுதான் நடைபாதைக்குப் போகிறது. ஜப்பானில் நகவோக்காவில் நிலத்தடி நீரையே வீதியில் பீச்சுகிறார்கள், ஆனால் அளவுக்கு மேல் இறைத்ததில் நிலம் தாழ்ந்த பிரச்சினையும் வந்தது. சும்மா கிடைக்கிற சூடு இருந்தால் இது நல்ல வேலை, சூட்டைக் காசு கொடுத்து வாங்கினால் பணக்கார வேலை.

கொட்டகலை: அம்மாவுக்கு 68 வயது, டிசம்பரில் எட்மன்டன் போகிறார். மகன் வாசற்படிக்கு மட்டும் ரப்பர் ஹீட்டர் பாய் வாங்கப் போகிறானாம். போதுமா அண்ணே?

படிக்கு அது போதும் அக்கா, வாசல் முழுக்கப் போடுவதை விட அதுதான் புத்தி. வெளியில் பாவிக்கிற பாயா என்று பார்த்து, ட்ரிப் சுவிட்ச் உள்ள பிளக்கில்தான் செருக வேண்டும். ஸ்நோ விழத் தொடங்குமுன் போட்டுவிட வேண்டும், ஒரு அடி குவிந்த பிறகு போட்டால் கீழே குகை மாதிரி உருகி மேலே அப்படியே நிற்கும். படிக்குக் கைப்பிடி இல்லையென்றால் பாய்க்கு முன்னால் அதைப் பூட்டச் சொல்லுங்கள். சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற முள்ளுப் பட்டி ஒன்றும் அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கட்டும், ஆனால் வீட்டுக்குள் வந்ததும் கழற்ற வேண்டும், டைல்ஸில் அதுவே வழுக்கிவிடும்.