வாசுதேவன் பாஸ்கரன்: கேள்வி பதில்

தமிழ்நாட்டுக்காரர், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் கேப்டன், பின்னாளில் இந்திய அணியின் பயிற்சியாளர். இன்றைய கேள்விகள் அவரைப் பற்றி. கேட்பதற்கு முன் ஒன்று: ஒரு பயிற்சியாளரை அணி பிடித்த இடத்தை மட்டும் வைத்து எடை போடாதீர்கள்.

கே: சார், அவர் எந்த இடத்தில் ஆடினார்?

லெஃப்ட் ஹாஃப், அதாவது நடுவரிசையில் இடப்பக்கம். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் அணியிலும் இருந்தார்.

கே: என் பையனும் லெஃப்ட் ஹாஃப்தான். எதிரணி ரைட் அவுட் (வலது ஓரத்தில் தாக்கும் வீரர்) கோட்டோரமாக ஓடி அவனைத் தாண்டிவிடுகிறான். என்ன செய்யலாம்?

நிற்கும் கோணம் சரியில்லை. கோட்டோரம் உங்கள் பையனுடைய ரிவர்ஸ் பக்கம், அதாவது மட்டையைத் திருப்பிப் பிடித்து ஆட வேண்டிய இடப்பக்கம். அங்கே மட்டை எட்டும் தூரமும் குறைவு, பலமும் குறைவு. ஆகவே அந்த வழியை அடைத்து நிற்க வேண்டும். இடது கால் முன்னே, உடல் சற்றுச் சாய்வாக, கோட்டுக்குப் பக்கமாக நின்றால் ரைட் அவுட் உள்ளே திரும்பித்தான் ஆக வேண்டும். அங்கே உங்கள் பையனுடைய ஃபோர்ஹேண்ட், அதாவது மட்டையைத் திருப்பாமல் ஆடும் வலப்பக்கம், இருக்கிறது; பின்னால் நடுவில் ஆடும் சென்டர் ஹாஃப் இருக்கிறார். இரண்டு பாதத்தையும் ஒரே வரிசையில் வைத்து நிற்பதும், பந்தைப் பார்த்ததும் பாய்வதும்தான் வழக்கமான தப்பு. இடது கையால் மட்டையை நீட்டிக் குத்தி, உடனே இழுத்துக்கொண்டு பின்வாங்கச் சொல்லுங்கள். குத்தியது படாவிட்டாலும் எதிராளியின் வேகம் குறையும், அதுவே போதும்.

பந்து கிடைத்த பிறகு இன்னொரு சிக்கல். உள்ளே, அதாவது வலப்பக்கம், பாஸ் கொடுப்பது அந்த இடத்தில் கடினம். பந்தைப் பாதத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு அடித்தால் அது நேரே எதிரணியிடம் போகும். பந்தை வலது பாதத்துக்குச் சற்றுப் பின்னால் விட்டு, கால்களைச் சுற்றிக் கொண்டுவந்து, இடது தோள் போக வேண்டிய திசையைக் காட்டும்படி நின்று தள்ளட்டும்.

கே: மாஸ்கோவில் 6 அணிகள்தானே? தங்கம் சும்மா வந்ததுதானே அண்ணா?

புறக்கணிப்பால் பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா வரவில்லை. உண்மை. தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என்று அடித்ததற்குப் பெரிய மதிப்பில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லீக் சுற்றில் போலந்துடனும் ஸ்பெயினுடனும் 2-2 டிரா. மறுபடியும் ஸ்பெயினுடன் ஆடிய இறுதிப் போட்டியில் 3-0 முன்னிலை 3-2 ஆகச் சுருங்கியது. நம் முகமது ஷாஹித் நான்காவது கோல் போட்ட பிறகும் ஸ்பெயின் இன்னொன்று திருப்பியது. 4-3. சும்மா வந்தது இப்படி இருக்காது தம்பி.

கே: வந்த அணிகளை ஜெயித்தால் உலக சாம்பியனா?

அப்படி யார் சொன்னார்கள்? ஒலிம்பிக் சாம்பியன். வராத அணியை யாரும் தோற்கடிக்க முடியாது.

கே: செயற்கைப் புல் வந்ததால்தானே இந்திய ஹாக்கி அழிந்தது?

மான்ட்ரியலில் முதல்முறை ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரையில் நடந்தது, இந்தியா 7-வது. சரி. மாஸ்கோவிலும் அதே வகைத் தரைதான், தங்கம். தரை ஒரு காரணம், முழுக் காரணம் அல்ல.

கே: மாஸ்கோவில் பலமான அணிகளே இல்லையே?

மேலே இருக்கிறது. படியுங்கள்.

கே: 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 7-வது இடம், 2006 உலகக் கோப்பையில் 11-வது இடம். பயிற்சியாளராகத் தோல்விதானே?

2006-க்கு வக்காலத்து வாங்க மாட்டேன். 12 அணிகளில் 11-வது என்பது மோசம்தான். சிட்னி வேறு. போலந்துக்கு எதிராகக் கடைசி நிமிடங்கள் வரை 1-0 முன்னிலை. அது நின்றிருந்தால் அரையிறுதி. 1-1 ஆனதும் 7-வது இடம். அந்த ஒரு கோலுக்கு முன்னும் பின்னும் பயிற்சியாளர் அதே ஆள்தான். இன்னொன்றையும் பாருங்கள். மாஸ்கோவில் கூட ஆடிய எம்.கே. கௌஷிக் பயிற்சியாளராக 1998 பாங்காக்கில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கித் தந்தார், உடனே மாற்றப்பட்டார். ஜெயித்தவருக்கே அந்த கதி என்றால், யாருக்கு நிதானமாக அணி கட்ட நேரம் கிடைத்திருக்கும்?

கே: முன்னாள் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் நல்ல பயிற்சியாளரா?

அவர் பயிற்சியில் 2025-இல் சென்னையில் இந்தியாவுக்கு ஜூனியர் உலகக் கோப்பை வெண்கலம். மீதி இன்னொரு நாள்.

கே: ஆடி முடித்தவர் பயிற்சியாளராக என்ன படிக்க வேண்டும்?

பட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம்) டிப்ளமோ, நேரமில்லையென்றால் அதே நிறுவனத்தின் 6 வாரச் சான்றிதழ் படிப்பு. சேரும் முன் பள்ளி அணி ஒன்றை ஒரு பருவம் முழுக்க நடத்திப் பாருங்கள். தனக்குக் கை வந்த அடியை இன்னொருவருக்குப் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

கே: ஹாக்கி தேசிய விளையாட்டுதானே?

அதிகாரபூர்வமாக எந்த விளையாட்டும் அப்படி அறிவிக்கப்படவில்லை.