விடியற்காலைத் தும்மலும் மகனின் படுக்கையறையும்

கேள்வி: எங்கள் ஏழு வயது மகன் நாள்தோறும் விடியற்காலையில் தும்மிக்கொண்டே எழுகின்றான். அவனுடைய அறையை உடலுக்கும் சூழலுக்கும் கேடில்லாததாக மாற்ற விரும்புகின்றோம். குளிரூட்டி பூட்டுவதற்காக யன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துவாரங்களை அடைக்கச் சொல்கிறார்கள். மரத்துகள்களை ஒட்டிச் செய்யும் சிப்போட் பலகையாலான அலுமாரி ஒன்றும் வாங்க எண்ணியுள்ளோம். இரவில் நுளம்புத்திரி கொளுத்துவது வழக்கம். எதிலிருந்து தொடங்கலாம்?
- வாசகி, கொக்குவில்

பதில்: நுளம்புத்திரியை இன்றிரவே நிறுத்துவதிலிருந்து தொடங்குங்கள். ஒரு சுருள் முழுவதும் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளை எரிப்பதற்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. யன்னலைச் சாத்திய சிறிய அறையில் அந்தப் புகையைக் குழந்தை இரவு முழுவதும் சுவாசிக்கின்றான். நல்ல நுளம்பு வலை ஒன்று பல ஆண்டுகள் உழைக்கும், எதையும் எரிக்காது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதால், மகன் மத்தியானம் உறங்கினாலும் வலைக்குள்ளேயே உறங்கட்டும்.

அடுத்தது மெத்தை. விடியற்காலைத் தும்மலுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, நமது உடலிலிருந்து உதிரும் தோல் துணுக்குகளைத் தின்று வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத தூசி உண்ணிகளின் எச்சமாகும். இவை நீர் அருந்துவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே உயிர்வாழ்கின்றன. ஆகையால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பெருகி, வறண்ட வெயிலில் மடிகின்றன. மெத்தையையும் தலையணையையும் முற்றத்து வெயிலில் பல மணி நேரம் புரட்டிப் புரட்டிப் போட்டு, பிறகு நன்றாகத் தட்டுங்கள். உண்ணி இறந்தாலும் எச்சம் தங்கிவிடும் என்பதால் தட்டுதல் அவசியம், ஆனால் அப்போது மகன் அருகில் நிற்கக்கூடாது. விரிப்பையும் உறைகளையும் கிழமைக்கு ஒருமுறை 60 பாகை வெந்நீரில் தோய்க்க வேண்டும். இயற்கையான பொருள் என்பதாலேயே எல்லாம் நல்லதென்று கொள்ள வேண்டாம்: பொடிந்துபோன பழைய இலவம்பஞ்சுத் தலையணை தூசியின் உறைவிடம், அதை மாற்றிவிடுங்கள். துடைத்து வெயிலில் காயவைக்கக்கூடிய பனையோலைப் பாயோ, மெத்தையைவிட எவ்வளவோ மேல்.

காற்றுத் துவாரங்களை அடைக்க வேண்டாம் என்று உங்களை மிகவும் வேண்டிக்கொள்கின்றேன். வீடுகளில் பூட்டும் குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கின்றது. சாதாரண மின்விசிறி ஏறத்தாழ 70 வாற்று மின்சாரத்தில் ஓடுகையில், குளிரூட்டிக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். எதிரெதிர் யன்னல்களைத் திறந்துவைத்தால் சோளகக் காற்று வீசும் மாதங்களில் விசிறியே போதுமானது. நமது பாட்டன்மார் துவாரம் வைத்துக் கட்டியது வெறும் அழகுக்காக அல்ல.

சிப்போட்டை ஒட்டும் பசைகளில் பெரும்பாலானவற்றிலிருந்து போமல்டிகைட்டு என்னும், மூக்கையும் தொண்டையையும் உறுத்தும் வாயு வெளியேறுகின்றது; வெப்பமும் ஈரமும் கூடும்போது அதுவும் கூடும் என்பதால், நமது காலநிலையில் புதிய சிப்போட் அலுமாரியைக் குழந்தையின் அறையில் வைப்பதை நான் விரும்பமாட்டேன். உறவினர் வீட்டில் கிடக்கும் பழைய முதிரை அலுமாரியைத் திருத்தி எடுத்தால் புதிதாக ஒரு மரமும் வெட்டப்படாது. அதற்குப் புதிதாக வார்னிஷ் பூசினால், மணம் முற்றாகப் போகும்வரை விறாந்தையிலேயே நிற்கட்டும்.

இவ்வளவும் செய்த பின்னரும் தும்மல் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் மூச்சிரைப்போ நெஞ்சில் விசில் போன்ற ஒலியோ இருக்குமாயின் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம்.